அடித்தளத்துத் தொலைபேசி

மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்துக்கு இருபது வருடத்துக்கு மேலாகக் குளிர் கொடுத்துவந்தவர் ஐயாவு. சிலிம் ரிவர் பக்கத்தில் அவர் வேலைபார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்று மரங்களை வெட்டியதும் கிளம்பி வந்து, இதன் அடித்தளத்தில் ஏர்கோன் இயந்திரங்களோடு உட்கார்ந்தார். வெயில் எட்டிப்பார்க்காத அறை. மேசைமேல் ஒரு தொலைபேசி உண்டு.

அந்தத் தொலைபேசிதான் அவருக்கு அக்கம்பக்கம். "அண்ணே, குளிர் தாங்கலலா, கொஞ்சம் குறைங்க" என்பார் மூன்றாம் மாடிக் கலாதேவி. அவர் வைத்த கையோடு அதே மாடியிலிருந்து தேவன், "அண்ணே, வேர்க்குதுலா!" என்பான். இந்த இருவரையும் ஒருசேரத் திருப்திப்படுத்தக் கடவுளாலும் ஆகாது. ஐயாவு முனகிக்கொண்டே போய் வால்வைத் திருகுவார். முனகலெல்லாம் வாயளவில்தான். மனைவி மாரியம்மா இறந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்றும் கலாதேவி கூப்பிட்டார். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சாப்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு, கட்டடங்கள் விடும் கரிவாயுவை நாடு முழுக்கக் குறைக்கவேண்டும் என்று திட்டம் வந்தது. தேவையான திட்டம்தான், அந்தக் கட்டடம் தின்ற மின்சாரத்தில் ஒரு சின்ன ஊரே விளக்கேற்றலாம். மாடிக்கு மாடி உணர்கருவிகள் மாட்டினார்கள். எங்கும் இருபத்துநான்கு டிகிரி. கூட்டுவதும் குறைப்பதும் கோலாலம்பூரிலிருந்தே நடந்தது. கலாதேவிக்கும் குளிரவில்லை, தேவனுக்கும் வேர்க்கவில்லை. யாரும் ஐயாவைக் கூப்பிடவில்லை.

அவர் தொலைபேசியைத் துடைத்து வைத்தார். ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. சிலிபின் பகுதியில் இருந்த அவர் வீட்டில்தான் பேச ஆளில்லை. இங்கேயும் இல்லையென்றால் மனிதன் எங்கே போவான்?

ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாம் மாடிக்குக் குளிர்நீர் போகும் வால்வை மூடினார். கையால் திருக மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தொலைபேசி முன்னால் வந்து உட்கார்ந்து, கலாதேவி கூப்பிடுவார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஒருவழியாகத் தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"அங்கிள், நான் சுகுமார், கேஎல் கண்ட்ரோல் ரூம்லேர்ந்து. மூணாவது மாடியில சூடுன்னு போன் ஆப்ல கம்ப்ளேன் போட்டிருக்காங்க. அங்க வால்வு மூடியிருக்கா?"

"கை தவறிப் போச்சு தம்பி. இப்பவே தொறக்குறேன்." கொஞ்சம் தயங்கினார். "கம்ப்ளேன் போட்டது யாரு? கலாதேவியா?"

"பேரெல்லாம் வராது அங்கிள். மாடி நம்பர்தான் வரும்."

"ஓ... நீங்க சாப்டீங்களா தம்பி?"

சுகுமார் சிரித்தான். நல்ல பையன். "சாப்டேன் அங்கிள். நீங்க கவலப்படாதீங்க, வயசானா இப்படி ஆகுறதுதான். அந்த வால்வுக்கும் ஒரு மோட்டார் போடச் சொல்லிடுறேன். இனி உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

"நன்றி தம்பி" என்றார் ஐயாவு. சுகுமார் வைத்த பிறகும் ரிசீவரைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறகு எழுந்துபோய் வால்வைத் திறந்தார். மேலே மூன்றாம் மாடி குளிர ஆரம்பித்தது.