சவப்பெட்டி முகத்துக்கு இட்ட கண்மை

மலாய் நாட்டில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கணக்கெழுதும் கிராணி. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. ஒருவர் மேல் சந்தேகம் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொன்னால் போதும், விசாரணை இல்லாமலே உள்ளே போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளில்தான் இந்த மனுஷர் ஒரு சவப்பெட்டித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

துரை யுத்தத்தின்போது எகிப்தில் இருந்தவர். அங்கே வாங்கியதாம். பழங்காலத்துப் பிணப்பெட்டி மூடியிலிருந்து பெயர்ந்த பலகை, அதில் ஒரு பெண்முகம். கண்ணின் வளைவை வைத்தே எந்த ராஜா காலத்தது என்று சொல்லிவிடலாமாம். லண்டனில் ஒரு படித்தவருக்கு அனுப்ப வேண்டும், வரைந்து தா என்று இவரிடம் கொடுத்திருந்தார். இவரும் ராவோடு ராவாக வரைந்து முடித்தார்.

அந்த முகத்தில் ஒரு கண் அழிந்திருந்தது. நானோ மாசமாக இருந்தேன். பிணப்பெட்டி போதாதென்று ஒற்றைக்கண் மூளி வேறு என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் சும்மா இருப்பேனா? காலையில் அவர் குளிக்கப் போனதும் கண்மையை எடுத்து மற்றக் கண்ணையும் எழுதி, துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

மத்தியானம் கங்காணி ஓடிவந்தார்.

“கிராணியம்மா, பங்களாவுல இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. படத்துல ஒரு கண்ணு, பலகையில ரெண்டு கண்ணாம். ஐயா அசல மாத்திட்டு போலிய வெச்சிட்டாருன்னு துரை சொல்றாரு. விஷயம் சரியில்லலா.”

எண்ணெய் நனைத்த துணியோடு ஓடினேன். இவர் சுவரோரம் வாயே திறக்காமல் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். எனக்குத் தெரிந்த கடைத்தெருப் பேச்சான பாசார் மலாயில், இது என் கண்மை, இதோ துடைக்கிறேன் என்றேன். கண் போனது. எரிச்சலில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். கன்னமும் பெயர்ந்து வந்தது. அடியில் வெளுப்பு மாறாத புதுப் பலகை, அதில் நீல மையில் அச்சடித்த எழுத்து.

“பார்த்தீர்களா, போலி!” என்று துரை மேசையைத் தட்டினார். காப்பாற்ற வந்தவள் நானே இவர் கையில் விலங்கை மாட்டிவிட்டேனே.

இன்ஸ்பெக்டர் பலகையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி படித்தவருக்கு அந்த அரபு எழுத்து சொந்த எழுத்து மாதிரிதான்.

“மெசிர்,” என்று வாசித்தார். எகிப்தைத்தான் மலாயில் அப்படிச் சொல்வார்கள். “துவான், இது அந்த ஊர்ச் சரக்குப் பெட்டிப் பலகை. இந்தக் கிராணிக்கு இது எங்கே கிடைக்கும்? துவானை அங்கேயே ஏமாற்றியிருக்கிறார்கள்.”

துரை ஒரு மன்னிப்பும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். எங்களைப் போகச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தோம். இவர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

“நீதான் பலகைய மாத்தி யாருக்கோ வித்துட்டேன்னு நெனச்சேன்,” என்றார்.

“என்னையா? யாரப் பாத்து என்ன நெனச்சீங்க?” எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “அப்ப அத அங்கேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எதுக்கு வாய மூடிக்கிட்டு நின்னீங்க?”

“சொன்னா உன்னைப் புடிச்சிட்டுப் போவாங்கல்ல,” என்றார்.