அடுப்பை மறக்கடித்த பாட்டு

எனக்கு எழுபத்தாறு வயது; ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் சீவும்போது, அடுத்த நிரையிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடுவார். அடுத்த வரியை நான் பாட வேண்டும். பாடாவிட்டால் பாம்பு கடித்துவிட்டதோ என்று ஓடி வருவார். அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது.

போன மாதம் ஈப்போ பட்டணத்து வீட்டில் அப்பளம் பொரிக்கையில் வானொலியில் அதே பாட்டு வந்தது. எண்ணெயை அடுப்பிலேயே விட்டுவிட்டு, கொல்லைப்புறம் போய்ப் பதில் பாடிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, சட்டி எரியுது லா! இங்க என்ன கச்சேரி?" பக்கத்து வீட்டுச் செல்வி ஓடிவந்து கேஸை மூடினாள். உள்ளறையில் பேத்தி காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் பாட்டு வந்தால் முதலில் அடுப்பை அணைக்கிறேன். அதற்குள் பாதிப் பாட்டு போய்விடுகிறது.

"நான் சொல்லச் சொல்ல எல்லாத்தையும் எழுதிட்டியாம்மா? படிச்சுக் காட்டு. அழுதேன்னு போட்டிருந்தா எடுத்துடு."