முன்சீட்டும் முனீஸ்வரனும்

கார் முன்சீட்டில் உட்காரவேண்டும் என்கிற ஆசை எனக்குப் பிடித்தபோது இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் யாரிடமும் கார் கிடையாது. எங்கள் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சித்தியின் அண்ணன், எனக்கு மாமா முறை, திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்தவர். பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, கழுவித் துடைத்து, சித்தியின் வளைகாப்பு அன்றைக்கு எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே சித்திக்கு வளையல் அடுக்குகிறார்கள். எனக்கோ எந்தப் பையன் காரைத் தொடுகிறான் என்பதுதான் கவலை.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அந்த வீட்டுப் பெண்கள் ஆரத்தி கரைத்து வைக்கவேண்டும் என்று சாப்பிட்ட கையோடு பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். காரில் மாமா, சித்தி, பள்ளிக்கூடம் லீவு என்பதால் துணைக்கு நான். விளக்கு வைப்பதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் கண்டிப்பு. "அதெல்லாம் ஜல்தியா போயிடலாம்" என்றார் மாமா. அவருக்கு எதிலும் ஜல்திதான். யாரும் சொல்வதற்குள் நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சித்தி பின்னால் உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு முனீஸ்வரன். புதிதாக வண்டி எடுத்தவர்கள் அவரைக் கவனிக்காமல் அந்த வழியே போகமுடியாது. டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சுருட்டு, கூடவே ஒரு பாட்டில். வழியில் வண்டி அடிபடாமல் காப்பவருக்கு, அவருக்குப் பிடித்ததைத்தானே வைக்கவேண்டும்? மாமா பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்த பாட்டிலைத் திறந்து சாமி காலடியில் கொஞ்சம் ஊற்றினார், கற்பூரம் காட்டினார், மிச்சத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். படைத்ததை வீணாக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நியாயம். சர்க்கரைப் பொங்கலுக்கும் பாட்டிலுக்கும் ஒரே நியாயம்தான். சித்தி கை நிறைய இருந்த கண்ணாடி வளையல்களை ஒதுக்குவதும் சேர்ப்பதுமாகக் காரிலேயே இருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டி எட்டி ஹாரனை அடித்தேன்.

மாமா சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்.

"இன்னாண்ணா, குடிச்சியா?" என்று சித்தி மெதுவாகக் கேட்டாள்.

"குடிக்கிறதா? நல்ல கதையா கீதே! சாமி பிரசாதம்மா. வேணான்னா முனீஸ்வரனுக்குக் கோவம் வராது?"

கார் கிளம்பியது. அதுவரை மாமா ஓட்டியது ஒரு மாதிரி, அதற்கப்புறம் ஓட்டியது வேறு மாதிரி. அப்போதெல்லாம் மெட்ராஸ் ரோடு குறுகல்; இரண்டு பக்கமும் புளியமரம். எதிரே லாரி வந்தால் அது கிட்டத்தில் வருகிறவரை நடுரோட்டிலேயே போய், பிறகு சடாரென்று ஒடித்தார். புளியமரங்கள் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து வந்து போயின. எனக்கானால் குஷி தாங்கவில்லை. திருவிழா ராட்டினம் மாதிரி இருந்தது. "இன்னும் வேகமா மாமா!" என்று கத்தினேன். அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டிக் காட்டினார். "அண்ணா மெதுவா", "அண்ணா ரோட்டப் பாரு" என்று பின்னாலிருந்து சித்தி சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொல்லச் சொல்ல வேகம் கூடியது.

விக்கிரவாண்டி வந்ததும், "பெட்ரோல் நாத்தம் கொமட்டுதுண்ணா, நிறுத்து" என்றாள். நிறுத்தியதும் இறங்கி, நேரே பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நான் பஸ்ல வர்றேன். நீயும் வாண்ணா, காரு இங்கியே நிக்கட்டும்."

மாமாவுக்கு வந்ததே கோபம்! "வளைகாப்பு போட்ட பொண்ணக் கூட்டிக்கினு போய் பஸ்ல ஏத்திட்டான்னு உன் மாமியார் வூட்ல காறித் துப்ப மாட்டாங்க? ஆசையா காரு எடுத்துக்கினு வந்தேன். பேஜாரு பண்ணாத, ஏறும்மா."

சித்தி ஏறவில்லை. அண்ணன் குடித்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் டீக்கடையில் நின்றவர்களே சாவியைப் பிடுங்கியிருப்பார்கள். நாலு பேர் முன்னால் அண்ணனை விட்டுக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு "கொமட்டுதுண்ணா, நீயும் வாண்ணா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"சரி, நீ பஸ்லயே வா. பாப்பா என்கூட வரட்டும்" என்றார் மாமா.

எனக்குக் கேட்கவா வேண்டும்! சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். சித்தி வந்து கதவைத் திறந்தாள். என்னை ஒருநாளும் அதட்டிக்கூடப் பேசாதவள், தொடையில் நறுக்கென்று கிள்ளி, மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். நான் திமிற, அவள் இழுக்க, கதவில் பட்டு வளையல்கள் நொறுங்கின. என் கையிலும் ரத்தம், அவள் கையிலும் ரத்தம். வளைகாப்பு வளையல் பிரசவம் வரை உடையக்கூடாது என்பார்கள். சித்தி கீழே கிடந்த துண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் சித்தி மல்லாட்டைப் பொட்டலம் வாங்கி நீட்டினாள். "உன்கூட டூ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவளோ மல்லாட்டையை உரித்து உரித்து மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றைக்கூட வாயில் வைக்காமல், முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஊர்ந்தது. ரோட்டோரம் கூட்டம். புளியமரத்தில் மாமாவின் கார். "ஐயோ, அண்ணா!" என்று சித்தி போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். மாமா மதகுக் கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் துண்டு, வாயில் ரத்தம், முன்பல்லைக் காணோம்.

"மாடு குறுக்க பூந்துடுச்சும்மா" என்றார். கண்ணுக்கெட்டிய தூரம் மாடு எதுவும் இல்லை. "முனீஸ்வரந்தான் காப்பாத்துனாரு. இல்லன்னா போய்ச் சேர்ந்திருப்பேன்."

காரின் இடதுபக்கம் மரத்தோடு மரமாக நசுங்கியிருந்தது. முன்சீட்டு இருந்த இடத்தில் கதவுத் தகரம்தான் இருந்தது. சித்தி அதைப் பார்த்தாள். பிறகு என்னை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கார் போச்சே என்று அழுகிறாள் என நினைத்தேன். கிள்ளிய இடம் இன்னும் எரிந்தது. அவள் பிடியிலிருந்து நழுவப் பார்த்தேன்.

சித்திக்குச் சுகப்பிரசவம் ஆனது, ஆண்குழந்தை. மாமா காரைச் சரிபண்ணினார். உயிர் தப்பியதற்காக முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டினார், இந்தத் தடவை பாட்டிலும் பெரிசு. அதையும் வீணாக்கவில்லை. சித்திக்குக் கிடைத்ததோ ராங்கிக்காரி என்கிற பேர். அண்ணன் ஆசையாகக் கொண்டுவந்த காரை வேண்டாம் என்று பஸ்ஸில் போனவள், வளைகாப்பு வளையலை வழியிலேயே உடைத்துக்கொண்டவள் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள். அப்போதும் அவள் அண்ணனை விட்டுக்கொடுக்கவில்லை.

நானும் முனீஸ்வரன் கட்சிதான். வருஷா வருஷம் லீவுக்குச் சித்தியோடு திண்டிவனம் போகும்போதெல்லாம், அந்தக் கோயில் வந்ததும் பஸ்ஸில் எழுந்து நின்று பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்வேன். என்னைக் காப்பாற்றிய சாமி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எனக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டு வருகிறது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.