கரித்தூளில் ஒரு முகம்

யாருடைய முகத்தைப் பெரிதாகப் படம் வரைகிறார்களோ அவர் கொஞ்ச நாளில் செத்துவிடுவார் என்று ஒன்பது வயது வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். செத்தவர்களுக்குத்தான் படம் வரைகிறார்கள் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். மற்றபடி என் ஆராய்ச்சியில் யாரும் குறை சொல்ல முடியாது.

கோலா கங்சார் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே எந்தத் தொழிலாளியின் லயத்து வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு பெரிய முகம் இருக்கும். கண்ணாடிக்கு மேலேயே குங்குமப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. இவர் எங்கே என்று கேட்டால், போய்ச் சேர்ந்துவிட்டார் என்பார்கள். துரை பங்களாவின் கூடத்தில் மீசை வைத்த பழைய துரை ஒருவர் எண்ணெய்ச் சாயத்தில் தொங்கினார். அவரும் இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் மட்டும் ராஜாவும் ராணியும் படத்திலும் இருந்தார்கள், உயிரோடும் இருந்தார்கள். இது கொஞ்சம் இடித்தது. ராஜாக்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று எழுதிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

பெரியவனான பிறகு, முகம் வரையும் கலையின் வரலாறு என்று ஏதோ படித்தபோது நான் அவ்வளவு தப்பில்லை என்று தெரிந்தது. முதலில் ராஜாக்களை மட்டும் வரைந்தார்களாம். அப்புறம் காசுள்ள வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் அது துரைமார்கள், பிறகு ஈயச் சுரங்கத் தவுக்கேக்கள், அதாவது சீன முதலாளிகள். கடைசியில்தான் எங்களுக்கு முறை வந்தது, அதுவும் செத்த பிறகு. செத்தாலும் எல்லோருக்கும் கிடையாது. தோட்டத்தில் பன்னிரண்டு வயதில் ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுக்கும்போதுதான் ஒருவனுக்கு முதல் போட்டோ. பெரிதாக வரைவதற்கு ஓவியருக்கு அந்தத் துண்டுப் படம்தான் ஆதாரம். பன்னிரண்டுக்கு முன்னால் போனவர்களுக்கு முகமே கிடையாது. இந்தக் கடைசி விவரம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

ஒன்பது வயது முடிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னைத் தீபாவளிச் சட்டையைப் போடச் சொன்னார். தீபாவளி இல்லாத மாதத்தில் தீபாவளிச் சட்டை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனோம். அப்பா அதிகம் பேசமாட்டார். வாரம் முழுக்க விடியற்காலையில் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், பஸ்ஸில் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவார். எதற்குப் போகிறோம் என்று கேட்டேன். ‘வா, சொல்றேன்’ என்றார். சொல்லவில்லை.

பழைய டவுனில் ஒரு கடைவரிசையின் முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் ஒரு சீன ஓவியர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம், தமிழ் பேசினார். அவரைச் சுற்றிலும் முகங்கள். ஒரு கிழவிக்குக் கண் மட்டும் வந்திருந்தது, மீதி வெள்ளைத் தாள். பலகையில் யாருடைய ஐ.சி. படமோ, அதன் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு.

ஓவியர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“வயசு சரியா?”

“சரியா ஒம்பது, தவுக்கே” என்றார் அப்பா. “அடுத்த வருசம்னா மொகம் மாறிப்போயிரும். அதான் இப்பவே முடிச்சிரலாம்னு.”

“நல்லது லா. சின்னப் பிள்ளை சீக்கிரம் முடியும். சுருக்கம் ஒண்ணும் இல்ல.”

பேப்பரில் மரண அறிவிப்புகளுக்குத்தான் கட்டம் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதரோ கறுப்பு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு மரச் சட்டத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நிறுத்தினார். என்னைக் கட்டத்துக்குள் போட்டுவிட்டார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனார். இவ்வளவு நிம்மதியாகப் பிள்ளையை அனுப்பிவைக்கிற தகப்பனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சப்பையான ஒரு தூரிகையைக் கரித்தூளில் தொட்டுத் தொட்டு ஓவியர் என் கண்களைத் தாளுக்கு மாற்றினார். நான் சத்தமில்லாமல் அழுதேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. “நல்ல கண்ணு, பளபளன்னு இருக்கு. தொடைக்காத தம்பி, அப்பிடியே இரு.”

வீட்டுக்கு வந்ததும் மாமாவைப் பிடித்தேன். அம்மாவின் தம்பி, சிம்பாங் பூலாயில் கல் லாரி ஓட்டினார். ஞாயிறென்றால் எங்கள் வீட்டில்தான் பசியாறுவார். குடும்பத்தில் எதையும் ஒளிக்காமல் பேசுகிறவர் அவர்தான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

“மாமா, உசுரோட இருக்கற ஆளப் படம் வரைவாங்களா?”

“வரைவாங்களே.”

“வரைஞ்சா?”

மாமா ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கினார். “வரைஞ்சி முடிக்கிற வரைக்கும் உசுரோட இருப்பான். அப்புறம் மாலைதான்.”

சொல்லிவிட்டு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது மெல்லுவதற்குள் மறந்துபோயிருக்கும். எனக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் நான் வாழ்ந்தது ஒரு பெரிய மனிதனின் வாழ்க்கை. சொத்தைப் பிரித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தீப்பெட்டியில் வைத்திருந்த பதினெட்டுச் சண்டை ஜெயித்த என் சண்டைச் சிலந்தி, வால் அறுந்துபோகாத பட்டம் ஒன்று, ஒரு டின் ரப்பர் கொட்டை. எதற்குக் கொடுக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். கெட்டிப்பால் டின்னில் ஓட்டை போட்டு உறிஞ்சியது நான்தான், பூனை இல்லை என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அம்மா, ‘தெரியும்’ என்றார்.

அந்த நாட்களில் அம்மா என்னை அடிக்கடி பார்த்தார். சாப்பிடும்போது, குளிப்பாட்டும்போது, வேறு எதையோ தேடுகிற மாதிரி. முட்டை இருந்தால் எனக்கு வைத்தார். எல்லாம் பொருந்திவந்தது. ஒரு நாள் மத்தியானம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“அம்மா, நான் செத்துட்டா நீ அழுவியா?”

பளாரென்று ஒரு அறை. அம்மா என்னைக் கன்னத்தில் அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் போய், ஏற்கனவே விளக்கிவைத்திருந்த பால் வாளியை மறுபடி மணல் போட்டு விளக்க ஆரம்பித்தார். ஒரு சாதாரணக் கேள்விக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம். சாகப்போகிறவனை யாராவது அடிப்பார்களா.

இரண்டாவது ஞாயிறு மூக்கும் காதும் தாளுக்குப் போய்விட்டன. மூன்றாவது ஞாயிறு வாய்தான் பாக்கி. வாய் முடிந்தால் கதை முடிந்தது.

பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றுவரை என் வாழ்க்கையில் வந்த யோசனைகளில் அதுதான் மிக வெற்றிகரமானது. படத்தில் இருப்பது என் முகம் மாதிரி இல்லை என்றால், வருகிற சாவு ஆளைத் தவறவிட்டுவிடும் அல்லவா. ஓவியர் தூரிகையைத் தொட்டபோது நான் கீழுதட்டை உள்ளே இழுத்து, வாயை இடது பக்கம் கோணி வைத்துக்கொண்டேன்.

“தம்பி, போன வாரம் வாய் இப்பிடி இல்லையே.”

பேசினால் வாய் நேராகிவிடும். தலையை மட்டும் ஆட்டினேன்.

“ஆடாத லா. பல்லு வலியா?”

மறுபடி ஆட்டினேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பெஞ்சில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஓவியர் அவரை எழுப்பப் போனார், பிறகு அந்தத் தூக்கத்தைப் பார்த்து விட்டுவிட்டார். கண்ணால் காண்பதை வரைகிறவர், கண்டதை வரைந்தார். ஒரு மணி நேரம் கோணிய வாயோடு இருந்தேன். தாடை இரண்டு நாள் வலித்தது.

அடுத்த வாரம் படத்தை வாங்க அம்மாவும் வந்தார். அம்மா ஈப்போவுக்கு வருவது வருடத்துக்கு ஒரு தடவைதான். ஓவியர் மேலே மூடியிருந்த தாளை எடுத்தார்.

“சரியா இருக்கா, அக்கா?”

அம்மா படத்தைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தார். வாயை இப்போது கோணுவதா, நேராக வைப்பதா என்று தெரியாமல் கையால் மூடிக்கொண்டேன்.

“மாத்தணும்னா சொல்லு, அக்கா. வாய் கிட்ட கொஞ்சம் மாத்தலாம்.”

ரோட்டில் இரண்டு பஸ் போனது.

“வேணாம் தவுக்கே” என்றார். “இருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆணி அடித்தார். அம்மா கண்ணாடியைச் சேலையால் துடைத்து, குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில், அதாவது படத்தில் இருந்த என் நெற்றியில், பொட்டு வைத்தார். மாலை போட்டார். என் வேலை எதுவும் பலிக்கவில்லை என்று புரிந்தது. ஓடினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். கொசு கடித்தது. செத்தவனுக்குக் கொசு கடிக்குமா என்று ஒரு சந்தேகம் வந்தது.

அப்பா தேடிவந்து தலைமாட்டில் நின்றார்.

“என்னடா பண்ற?”

“சாவுறேன்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வாய் விஷயத்தைத் தவிர. அப்பா என் முடியில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டார்.

“அது நீ இல்லடா. ஒனக்கு முன்ன ஒரு அண்ணன் இருந்தான். ஒம்பது வயசுல காய்ச்சல்ல போயிட்டான். படம் ஒண்ணும் எடுத்து வைக்கல. நீ அவன் சாயல்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சி. ஒனக்கு அந்த வயசு வரட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தோம்.”

எனக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்று காதில் விழுந்திருக்கிறது. அதற்கு ஒன்பது வயது இருந்தது, வாய் இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு வருத்தம் வரவில்லை. முதலில் நிம்மதி வந்தது. அடுத்தது, சிலந்தி. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்று அவன் சொல்லிவிட்டான்.

வாய் விஷயத்தை அப்புறமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு வருடம் போனது, பத்து வருடம் போனது. தோட்டத்தை விற்று வீடுகள் கட்டினார்கள். நாங்கள் படத்தோடு ஈப்போவுக்கு வந்தோம். புது வீட்டுக்கு வந்தவர்கள் படத்தைக் காட்டி, உங்கள் மகனா, ஏன் வாய் இப்படி என்று கேட்பார்கள். “பெரியவன்” என்பார் அம்மா. “அவன் அப்பிடித்தான், வாயக் கோணிக்கிட்டே இருப்பான். பொறந்ததுலேர்ந்தே.” முதல் தடவை கேட்டபோது காப்பி என் மூக்கில் ஏறியது. பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை.

அப்பாவுக்குப் பிறகு அம்மாவும் போன வருடம் இறந்துபோனார். வருடத் திவசத்துக்குப் படம் வேண்டும். என் மகள் கைப்பேசியிலேயே ஓவியம் வாங்குகிறவள். போட்டோவை அனுப்பினால் ஐந்து நாளில் எண்ணெய்ச் சாயம் மாதிரி துணியில் அச்சடித்து வீட்டுக்கே வந்துவிடுமாம். ராணி உடுப்பிலும் போடலாமாம். காட்டினாள். நாற்பது வருடம் பால் வெட்டிய அம்மா, முத்துக் கிரீடத்துக்குக் கீழே, என் வாளியை எவன் எடுத்தான் என்று கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கிரீடம் வேண்டாம் என்றேன்.

“அப்பா, பெரியப்பா படமும் பூஞ்சை புடிச்சிப் போச்சி. இதுலயே சரி பண்ணிடலாம். வாயையும் நேராக்கிடலாம், ஒரு நிமிசம்தான். பண்ணவா?”

ஐம்பத்திரண்டு வயதில், உட்கார்ந்த இடத்தில், எனக்கு வேர்த்துக்கொட்டியது. ஒரு நிமிடம் இரு என்று எழுந்து வெளியே போய்த் தைப்பிங்கில் இருக்கிற மாமாவைப் போனில் கூப்பிட்டேன். அண்ணனைத் தூக்கி வளர்த்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

“மாமா, அண்ணனுக்கு வாய் எப்பிடி இருக்கும்?”

“எந்த அண்ணன்?”

“என் அண்ணன் மாமா. செத்துப்போன அண்ணன்.”

“அவனா. கோணலா இருக்கும்லா. படத்துல பாக்கல நீ?”

மகள் உள்ளேயிருந்து மறுபடி கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்றேன். நேராக்கினால் அது யாருடைய வாயாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவும் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்; அண்ணனின் வாய் எப்படி இருந்தது என்று அறிந்தவர்கள் இப்போது ஒருவரும் இல்லை. படத்தில் இருப்பது, சாகப் பயந்து ஒரு மணி நேரம் நான் கோணி வைத்திருந்த வாய்.