நிந்தவூர் வீட்டில் தானாக மாறிய போல்டர்கள்

கம்பியூட்டர் திருத்தும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் வைரஸ், ஹார்ட் டிஸ்க், மதர்போர்ட் என்றுதான் பயப்படுகிறார்கள். கல்முனையில் இருபத்தேழு வருடமாக இந்தத் தொழில் செய்கிற என்னை ஆட்டிவைத்தது அவை ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக் கம்பியூட்டரில் போல்டரைத் திறந்தால் படங்கள் பெரிதாகத் தெரிவதா, பெயர்கள் வரிசையாகத் தெரிவதா என்கிற அற்ப விசயம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அதன் பின்னால் அலைந்தேன். கடைசியில் என் மூளையில்தான் ஏதோ பழுது என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

1. படமெல்லாம் எழுத்தாகிப் போனது

நிந்தவூரிலிருந்து சுபைதா ராத்தா காலை எட்டு மணிக்குப் போன் எடுத்தார். எனக்கு அக்கா வயது, கல்யாணப் பெண்களுக்கு பிளவுஸ் தைப்பவர். கணவர் மௌத்தான பிறகு அந்தத் தையலில்தான் வீடு ஓடுகிறது.

"தம்பி, என்ட டிசைன் படமெல்லாம் எழுத்தாப் போயிட்டு. ஒருக்கா வந்து பார்க்க ஏலுமா? பகல் ஒரு மணிக்குள்ள வாங்க. மகள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால வாறதுக்குள்ள முடிச்சிரணும்."

"மகளுக்குத் தெரிஞ்சா என்ன ராத்தா?"

"மகளுக்குத் தெரிஞ்சா மருமகனுக்குப் போயிரும். கம்பியூட்டர் அவர்ட. நான் தொட்டுப் பழுதாக்கிட்டன் எண்டு நினைச்சாரெண்டா முகத்தை எங்க வைக்கிற?"

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வந்த புதிதில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்கக் கூச்சப்படுவார்கள். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு மாமி குசினிக்குள் போய்விடுவார். கேட்பதும் சொல்வதும் மகள் வழியாக. சில வீடுகளில் இந்தக் கூச்சம் ஒரு மாதத்தில் போய்விடும், சில வீடுகளில் பேரப்பிள்ளை பிறக்க வேண்டும். சுபைதா ராத்தாவின் மருமகன் றிஸ்வான் சம்மாந்துறைக்காரர். கல்யாணம் முடித்து நாலு மாதம். அதுவரை இருவரும் ஒரு சொல் நேரே பேசியதில்லை.

நான் போனபோது பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டு ஹாலில் இருத்தியிருந்தார். கம்பியூட்டரும் ஹாலில்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் கழுத்து, கை டிசைன் படங்களை மகள் அதில் ஏற்றிக் கொடுப்பாராம். பைல்களுக்குப் பெயர் என்று ஒன்றுமில்லை, நீளநீளமான இலக்கங்கள். படத்தைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று ராத்தா பிடிப்பார். இப்போது திறந்தால் டீடெய்ல்ஸ் வியூவுக்கு மாறி, வெறும் இலக்கங்களும் திகதிகளும் வரிசையாக நின்றன.

சின்ன வேலை. வியூவில் போய் லார்ஜ் ஐகன்ஸ் போட்டேன். இனி மாறக்கூடாது என்று முழு டி டிரைவையும் படங்களுக்கான போல்டர் வகையாக வைத்து, உள்ளே உள்ள எல்லாப் போல்டருக்கும் சேர்த்துவிட்டேன். போல்டர் ஒப்ஷன்ஸில் அப்ளை டு போல்டர்ஸையும் அழுத்தினேன். பத்து நிமிசம். ராத்தா பிளேன்டீ தந்து துஆவும் செய்து அனுப்பினார். கர்வத்தோடு மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

இரண்டாம் நாள் போன் வந்தது. "தம்பி, மறுகாவும் எழுத்தாயிட்டு."

2. இரண்டு மெசினுக்கும் ஒரே வருத்தம்

இரண்டாவது முறை போய் அதையே திரும்பச் செய்தேன். இரண்டு நாளில் மாறியது. மூன்றாவது முறை ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கினேன். விண்டோஸ் ஒவ்வொரு போல்டரின் தோற்றத்தையும் ஓரிடத்தில் ஞாபகம் வைத்திருக்கும். அந்த ஞாபகம் பழுதானால் இப்படிக் கூத்துக் காட்டும். அதை முழுக்க அழித்து, ரீஸ்டார்ட் செய்து, புதிதாக வைத்தேன். வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டேன். டிஸ்க்கையும் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. திரையின் மூலையில் தூரத்திலிருந்து இணைந்து வேலை செய்யும் மென்பொருளின் சின்னம் ஒன்று கிடந்தது. இது இப்போது எல்லார் வீட்டிலும் கிடப்பதுதானே என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் மாறியது.

எங்கள் கடையில் நானும் ஜீவனும்தான். ஊர் ஊராகப் போகும் வேலை எனக்கு. போனிலும் தூர இணைப்பிலும் முடிகிற வேலை ஜீவனுக்கு. வேலைக் கொப்பியில் வாடிக்கையாளர் பெயரைப் போட்டு அவரவர் பக்கத்தில் எழுதிக்கொள்வோம். வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டேன்.

"ஜீவன், போல்டர் வியூ நிக்குதில்லடா. பெரிய படம் போட்டா அடுத்த நாள் டீடெய்ல்ஸாப் போகுது."

என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான். கதிரையைத் திருப்பினான். "காக்கா, எனக்கும் இப்பிடி ஒண்டு மாட்டியிருக்கு. கட்டடக் கம்பனியில பிளான் கீறுற சேர் ஒருத்தர். நான் டீடெய்ல்ஸ் போட்டுக் குடுக்கிறன், அது பெரிய படமா மாறுது. பிளான் பைலுக்குப் படம் தெரியாதே. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கட்டமா நிக்குதாம். திகதி தெரியாம பழைய பிளானை சைட்டுக்கு அனுப்பி ஏச்சு வாங்கிட்டார்."

"அப்ப ரெண்டு மெசினுக்கும் ஒரே வருத்தம்."

"அப்டேட்தான் காக்கா. புது அப்டேட் சரியில்ல."

இருவரும் சேர்ந்து அப்டேட்டை ஏசினோம். ஒரே கடையில் இரண்டு மெசின் இப்படி வந்தால் வேறு எதை நினைப்பது? அன்று பின்னேரம் முழுக்க இணையத்தில் தேடினேன். உலகம் முழுக்க இதே முறைப்பாடு கிடந்தது. ஆறுதலாக இருந்தது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை.

3. மவுஸ் ஓடியது

மூன்றாம் கிழமை ராத்தா போன் எடுத்தபோது குரல் சரியில்லை.

"தம்பி, மருமகன் கம்பியூட்டரைச் சம்மாந்துறைக்கு, அவர்ட உம்மாட வீட்ட கொண்டுபோகப் போறாராம். மகள் சொல்றாள். என்னத்துக்கெண்டு கேட்டா அவளுக்கும் சொல்றாரில்ல."

"அதுக்கென்ன ராத்தா, அவர்ட சாமான்தானே."

"என்ன தம்பி இப்பிடிக் கேக்கிறீங்க? நாலு மாசத்தில மாப்பிள்ளைட சாமான் திரும்பிப் போகுதெண்டா ஊர் என்ன கதைக்கும்? இண்டைக்குக் கம்பியூட்டர் போனா நாளைக்கு அவர் போவார். நான் தொட்டதாலதான். எனக்குத் தெரியும்."

அழுதார். ஒரு பெண்ணின் வீட்டு நிம்மதி என் கையில் நிற்கிறது, எனக்கோ பழுது எங்கே என்றே தெரியவில்லை. அன்று கடையில் சொல்லாமலே ஓடினேன்.

போல்டர்களைப் பார்த்தேன். டீடெய்ல்ஸ். லார்ஜ் ஐகன்ஸ் போட்டேன். கையை எடுத்துவிட்டு, எப்போதுதான் மாறுகிறது பார்ப்போம் என்று குந்திக்கொண்டிருந்தேன். ராத்தா கதவு நிலையில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

மவுஸ் அம்பு அசைந்தது. என் கை மடியில் இருந்தது. அம்பு நிதானமாக மேலே போய் வியூவைத் திறந்தது, டீடெய்ல்ஸை அழுத்தியது, போல்டர் ஒப்ஷன்ஸுக்குள் இறங்கி அப்ளை டு போல்டர்ஸையும் அழுத்தியது. என்னுடைய வேலையை, என்னுடைய ஒழுங்கிலேயே, தலைகீழாகச் செய்தது.

"அவூது பில்லாஹ்" என்று ஷைத்தானிலிருந்து இறைவனிடம் காவல் தேடினார் ராத்தா. பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து போய்விட்டார். பொய் சொல்வானேன், நானும் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். பிறகுதான் மூலையில் எழும்பியிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தேன். இணைந்திருப்பவர் யார் என்று அதில் போட்டிருந்தது. எங்கள் கடையின் பெயர்.

ஜீவனுக்குப் போன் அடித்தேன்.

"எங்கடா இரிக்கிறாய்?"

"கடையில காக்கா. அந்தப் பிளான் சேர்ட மெசினுக்குள்ள நிக்கிறன். ஒப்பீஸில இருந்து போன் பண்ணினார். மாறியிருக்கா எண்டு பார்க்கச் சொன்னார், பார்த்தா மறுகாவும் மாறித்தான் இரிக்கி."

"அவர்ட பேர் என்ன?"

"றிஸ்வான் சேர்."

"அவர்ட வீடு எங்க?"

"சம்மாந்துறை எண்டுதான் எழுதியிருக்கு. ஏன் காக்கா?"

"மவுஸை விடு" என்றேன்.

மூன்று கிழமையாக நான் பகலில் மாமிக்காக மாற்ற, ஜீவன் பின்னேரத்தில் மருமகனுக்காக மாற்றியிருக்கிறான். ஒரே மெசின், ஒரே கடை, கொப்பியில் இரண்டு பெயர். கம்பியூட்டரைக் கொண்டுபோகிற காரணத்தை றிஸ்வான் ஏன் மனைவியிடம் சொல்லவில்லை என்று ஜீவனிடம் கேட்டேன். முன்பே அவர் தன்னிடம் சொல்லியிருந்ததை அவன் அப்படியே சொன்னான்: "மாமிட படமும் அதுக்குள்ள இரிக்கி. மெசின் பழுதாகி அது அழிஞ்சா மாமிட மூஞ்சில முழிக்க ஏலா. அதுதான் சம்மாந்துறையில கூட்டாளி ஒருத்தனிட்டக் காட்டி, சத்தமில்லாமத் திருத்திக் கொண்டுவரப் போறன்."

4. வெள்ளிக்கிழமை

ஒரே விண்டோஸ் கணக்கில் இரண்டு பேர் இருக்கும்வரை இந்த இழுபறி தீராது. இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்தால் அவரவர் போல்டர் அவரவர் இஷ்டப்படி நிற்கும். அதற்கு இருவரும் வீட்டில் இருக்க வேண்டும். ஜும்ஆத் தொழுகை முடிந்து போனேன்.

றிஸ்வான் கம்பியூட்டர் முன் கதிரையில் இருந்தார். ராத்தா குசினிக் கதவுத் திரைக்குப் பின்னால். மகள் சம்மாந்துறைக்கு, மாமியார் வீட்டு விசேசம் ஒன்றுக்குக் காலையிலேயே போய்விட்டார். தூது போக ஆளில்லை. அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி, அவரிட்ட சொல்லுங்க, தொட்டது நான்தான் எண்டு. மனசில வைக்க வேணாமெண்டு சொல்லுங்க."

நான் திரும்புவதற்குள் றிஸ்வான் சொன்னார். "காக்கா, மாமிட்ட சொல்லுங்க, சாமான் தூக்கிற எண்ணம் ஒண்டும் எனக்கில்ல எண்டு."

இரண்டு பேருக்கும் இடையில் ஆறு அடி தூரம். இருவரும் சொன்னது இருவருக்கும் கேட்டுவிட்டது. அதை நான் திரும்பச் சொல்ல வேண்டுமா, எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. வயர் பார்க்கிற சாட்டில் மேசைக்குக் கீழே புகுந்துகொண்டேன்.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை. தூசுதான். பிறகு திரை வளையங்கள் உரசும் சத்தம் கேட்டது. ராத்தாவின் கால்கள் ஹாலுக்குள் வந்தன.

"மகன்" என்றார். "என்ட படம் இப்ப எதுக்குள்ள இரிக்கி?"

கதிரை பின்னால் தள்ளப்பட்டது. றிஸ்வான் எழுந்துவிட்டார்.

"இதில இருங்க மாமி. காட்டித்தாறன்."

நான் இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே இருந்தேன். கண் கலங்கியது தூசினால் இல்லை.

5. கொப்பி

அன்றிலிருந்து எங்கள் வேலைக் கொப்பியில் ஆளின் பெயருக்கு முன்னால் மெசினின் பெயரும் அது இருக்கும் வீடும் எழுதுகிறோம். போல்டர் தானாக மாறுகிறது என்று யார் வந்தாலும், விண்டோஸ் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், "வீட்டில வேற ஆர் இந்த மெசினைப் பாவிக்கிற?" என்று கேட்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அந்தக் கேள்வியை முதலில் பழகிக்கொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரியைப் பிறகு பழகலாம்.

இரண்டு கிழமை கழித்து ராத்தா போன் எடுத்தார். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாம். நாளைக் காலை வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொறுங்க தம்பி" என்றவர், போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "மகன், இஞ்ச ஒருக்கா வாங்க."

பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.