கார் வரவில்லை

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தம்போயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் புறப்பட்டேன். என் மகள் நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதாகப் பக்கத்து வீட்டு அத்தை சொல்லியிருந்தார்.

பிள்ளைகளே, நான் மூன்றாம் படிவம் வரைதான் படித்தவன். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஊர் சுற்றி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. இந்த ஒரு நாள் பயணத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இது உங்களைப் பற்றியது.

என் மனைவி புஷ்பா ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தலைமையாசிரியராக விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி ஒன்று இருக்கிறது. அதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்து, வார இறுதிகளில் வகுப்பு நடத்துகிறார்கள். கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பள்ளிக்கு ஒரு மாதம் அனுப்புகிறார்கள். அந்த மாத முடிவில் மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் பதவிக்குப் பெயர் போகும். புஷ்பாவுக்குக் கிடைத்தது பண்டார் தெங்காரா என்ற சிறு நகரத்தைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சின்னப் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே தலைமையாசிரியர் மாறிப்போய் இடம் காலியாக இருந்தது. புஷ்பா தேறினால் அந்த இடத்துக்கே அவளை அனுப்பக்கூடும் என்று பேச்சு. அவளுக்கும் அந்த ஆசை இருந்தது.

அந்த ஒரு மாதமும் அவள் செடெனாக்கில் என் அக்கா வீட்டில் தங்கி, கூட வேலை செய்யும் ஓர் ஆசிரியையின் காரில் போய் வந்தாள். கடைசி நாள் பார்த்து அந்தக் கார் வொர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. அதனால்தான் நான் லீவு போட்டேன்.

செடெனாக்கை அடையும்போது மணி ஆறு ஆகவில்லை. புஷ்பா புடவை கட்டி, வாசலில் தயாராக நின்றாள். கூலாய் வரை வந்த வழியே திரும்பி, அங்கிருந்து கிழக்கே பிரிந்தோம். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் செம்பனைதான். குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. வளைவுகளில் முந்த முடியாது. லோரிக்குப் பின்னாலேயே போனோம்.

வழியில் அவள் சொன்னதை உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்தப் பள்ளியில் இரண்டாம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. காலையில் சபைகூடல், அறிவிப்பு, கூட்டுப் பாட்டு என்று முதல் அரைமணி போய்விடுகிறது. இவள் அதைச் சுருக்கி, அந்த நேரத்தை வாசிப்புக்கு எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்காரவேண்டும். இன்று காலையில் கண்ணால் பார்த்ததை ஒருவர் எழுத, மற்றவர் சத்தமாக வாசிக்கவேண்டும். அவ்வளவுதான் முறை. ஆறு பேர் தேறிவிட்டார்கள். ஷர்மினி என்ற இரண்டாம் ஆண்டுப் பிள்ளை மட்டும் இன்னும் ஒரு வாக்கியத்தைத் தாண்டவில்லை.

“இன்னிக்கு அவங்க இதத்தான் பார்க்க வராங்க. எட்டு மணிக்கு,” என்றாள் புஷ்பா.

ஏழு மணிக்கு அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டேன். காலை உணவுக்காகப் பண்டார் தெங்காராவுக்குத் திரும்பி வந்தேன். எட்டுக் கிலோமீட்டர். கடைவரிசையில் ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் நடத்தும் உணவகம். தோசை இரண்டு வெள்ளி, ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் இரண்டு வெள்ளி இருபது காசு. சாம்பார் நன்றாக இருந்தது. குறை சொல்லமாட்டேன்.

பக்கத்து மேசையில் ஒரு சாரும் ஒரு மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கியது. சார் ரொட்டி சானாயை முடித்துவிட்டு இன்னொன்று சொன்னார். மேடம் கைக்கடிகாரத்தைக் காட்டி, எட்டு ஆகப்போகிறது என்றார்.

“என்னம்மா அவசரம்? நாம போற வரைக்கும் அவங்க எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க லா,” என்றார் சார்.

ஏதோ ஆபீஸ் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் புறப்பட்டேன்.

பள்ளிக்குத் திரும்பினால், வாயிலிலிருந்து கட்டடம் வரை பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். கையில் சின்னக் கொடி. மூன்று பெண் பிள்ளைகள் கையில் பன்னீர், சந்தனம், கற்கண்டுத் தட்டு. நிழல் என்று பேருக்குக்கூட இல்லை. புஷ்பா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வரிசை ஓரத்தில் நின்றாள். வரவேற்பு வேண்டாம் என்று அவள் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் மாணிக்கம் அண்ணன் கேட்கவில்லை. கெட்டவர் இல்லை. எண்ணெய் மில் லோரி ஓட்டுகிறவர், அன்றைக்குச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். பெரியவர்கள் வரும்போது பிள்ளைகள் நிற்காவிட்டால் தோட்டத்துக்கே அவமானம் என்பது அவர் கட்சி. கடைசியில் பத்து நிமிடம் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

என்னைப் பார்த்ததும் அவர் இரண்டு பொன்னாடைகளை என் கையில் திணித்தார்.

“டீச்சர் வீட்டுக்காரர்தானே? சும்மா நிக்காதீங்க தம்பி. வந்ததும் எடுத்து நீட்டுங்க, நான் போத்தறேன்.”

பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. தோட்டத்துச் சாலையில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டாலும் மாணிக்கம் அண்ணன் கையை உயர்த்துவார், கொடிகள் எல்லாம் ஆடும். வந்தது ரொட்டிக்காரர் மோட்டார்சைக்கிள். அடுத்து வந்தது குலை லோரி. அந்த லோரி ஓட்டுநர், கொடி ஆட்டியது தனக்குத்தான் என்று நினைத்து ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வெயில் முகத்தில் அடித்தது.

ஒன்பது மணி நெருங்கும்போது ஷர்மினி அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். கண் மேலே போனது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு நெருப்பாகச் சுட்டது. வாசிப்பு அறைக்குள் கொண்டுபோய் நீள பெஞ்சில் படுக்க வைத்தேன். தலைக்கு வைக்க எதுவும் கிடைக்கவில்லை. கையில் இருந்த பொன்னாடை ஒன்றை நாலாக மடித்து வைத்தேன். தண்ணீர் குடித்ததும் கண் திறந்தாள்.

வெளியே புஷ்பாவின் குரல் கேட்டது. “எல்லாரும் உள்ள போங்க. தட்ட மேசையில வச்சிட்டுப் போங்க.”

“டீச்சர், அஞ்சு நிமிஷம். வந்துருவாங்க,” என்றார் மாணிக்கம் அண்ணன். “உங்களுக்குத்தான் மார்க்கு போயிடும். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

“தெரியும்ண்ணே,” என்றாள் அவள். பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் தாமதமாக வாசிப்பு தொடங்கியது.

கார் ஒன்பதே காலுக்கு வந்தது. இறங்கியவர்கள் யார் தெரியுமா? ரொட்டி சானாய் சாரும் அந்த மேடமும். எந்தப் பிள்ளைகளை அவர் காக்கவைத்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வாசலில் நானும் மாணிக்கம் அண்ணனும் மட்டும் இருந்தோம். சார் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். யாரும் கொடி ஆட்டவில்லை. மாணிக்கம் அண்ணன் மிச்சமிருந்த ஒரே பொன்னாடையை அவருக்குப் போர்த்திவிட்டு, இன்னொன்றுக்காக என் பக்கம் கையை நீட்டினார். “உள்ள இருக்குண்ணே,” என்றேன். மேடம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நேராக வாசிப்பு அறைக்கு நடந்தார். நான் சன்னல் ஓரமாக நின்றுகொண்டேன்.

சார் பொன்னாடையோடு பின்னால் உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எழுதியதை வாசித்தார்கள். ஒருவன் ரொட்டிக்காரரைப் பற்றி, ஒருத்தி ஹார்ன் அடித்த லோரியைப் பற்றி. கடைசியில் ஷர்மினியின் முறை. படுத்திருக்கட்டும் என்றாள் புஷ்பா. அவளோ எழுந்து உட்கார்ந்தாள். கூட்டாளி எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு, விரலை எழுத்துமேல் வைத்துச் சத்தமாக வாசித்தாள்.

“கார் வரவில்லை. கால் வலிக்கிறது. டீச்சர் உள்ளே போகச் சொன்னார்.”

மூன்று வாக்கியம், பிள்ளைகளே. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. புஷ்பா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடம் கை தட்டினார். சாரின் கண் பெஞ்சில் மடித்து வைத்திருந்த பொன்னாடைக்குப் போனது.

“அது மேடத்துக்கு வச்சிருந்ததா?” என்று கேட்டார்.

“இருக்கட்டும் சார். அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு,” என்றார் மேடம்.

பதினொரு மணிக்கு ஆசிரியர் அறையில் முடிவைச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்தது. வாசிப்பு முறை நன்றாக இருக்கிறதாம். ஆனால் தலைமைத்துவம் என்பது வகுப்பு மட்டும் இல்லையாம். விருந்தினரை வரவேற்கும் ஒழுங்கு, சமூகத்தை அரவணைக்கும் பக்குவம், இரண்டும் போதாதாம். இன்னும் ஒரு பள்ளியில் இன்னும் ஒரு மாதம் செய்துகாட்ட வேண்டுமாம். இதையெல்லாம் சார் பொன்னாடை போட்டபடியே சொன்னார். கழற்ற மறந்துவிட்டார் போலும்.

“சார், நான் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கறதப் பார்க்கத்தானே வந்தீங்க?” என்று கேட்டாள் புஷ்பா. “அத நிறுத்திட்டு உங்களுக்காக நின்னிருந்தா, எதப் பார்த்திருப்பீங்க?”

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்துவிட்டது.

ஒரு மாதம் தள்ளிப்போனால் அந்தக் காலியிடம் வேறு யாருக்கோ போகும். புஷ்பாவுக்கு அது தெரியும். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பள்ளியை நடத்தத் தெரிந்தவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு பயிற்சி வைக்கிறார்கள். அதில் ஒருத்தி பள்ளியை நடத்திக் காட்டினால், மாலை மரியாதை போதவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது அவர்கள் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். மாணிக்கம் அண்ணன் கார் சன்னலில் குனிந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தலைக்கு வைத்த அந்தப் பொன்னாடையை மடித்துப் புஷ்பாவின் மடியில் வைத்தார்.

“அடுத்த பள்ளிக்கூடத்துலயும் யாராச்சும் விழுவாங்க. வச்சிக்குங்க டீச்சர்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஷர்மினி என் தங்கச்சி மக,” என்றார்.

வரும் வழியில் கூலாய்க்கு அருகே மழை பிடித்துக்கொண்டது. மூன்றரைக்குத் தம்போய் வந்து சேர்ந்தோம். நிலா ஓடிவந்தாள். அவள் பள்ளிக்கு அடுத்த வாரம் பெரிய விருந்தினர் வருகிறாராம். இவள்தான் பன்னீர்த் தட்டாம். ஏழரைக்கே திடலில் நிற்கவேண்டுமாம். அம்மாவின் கையிலிருந்த பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, “அவரு லேட்டா வந்தா எவ்ளோ நேரம்பா நிக்கணும்?” என்று கேட்டாள்.

புஷ்பா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “உங்க எச்.எம். இன்னும் ஸ்கூல்லதான் இருப்பாங்களா?” என்று கேட்டாள். இருப்பார் என்றதும் என்னிடம் கை நீட்டி, கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

பிள்ளைகளே, பெரியவர்கள் வந்தால் எழுந்து நில்லுங்கள், வணக்கம் சொல்லுங்கள். இன்னும் வராத காருக்கு நிற்க வேண்டியதில்லை.