முதலில் இறங்குவது கடைசியில் ஏற வேண்டும்

லோரியில் சாமான் ஏற்றும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இறக்கும்போதுதான் "யார் ஏற்றியது?" என்று கேட்பார்கள். இதே வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுங்கை பினாங்கில் ஒரு மளிகை ஸ்டோரில் லோரிக்குச் சாமான் ஏற்றிவிடும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால்தான் நிரந்தரம். முன்பு பார்த்த ஃபேக்டரி வேலையில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். இங்கே ஐந்து மணிக்கு அவளைப் போய்க் கூட்டிவரலாம். அதனால் எப்படியாவது இதில் ஒட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

தாளில் இருந்தபடியே

நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள். தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் எனக்குச் சட்டம். முதல் நாள் லோரி போகும் வரிசை போட்ட தாளில் முதல் பெயர் பக்கத்திலிருக்கும் ஜெலுத்தோங் கடை, கடைசிப் பெயர் கடல் பாலம் தாண்டி இருக்கும் தாசேக் கெலுகோர் கடை. அதே வரிசையில் ஏற்றினேன். ஜெலுத்தோங் பெட்டிகள் லோரியின் உள்கோடிக்குப் போய்விட்டன. கதவோரம் முழுக்கத் தாசேக் கெலுகோரின் அரிசி மூட்டைகள்.

டிரைவர் செல்வம் அண்ணே ஜெலுத்தோங்கில் அத்தனை மூட்டையையும் ரோட்டில் இறக்கி, மறுபடி ஏற்றியிருக்கிறார். திரும்பி வந்ததும் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இவ்வளவு அரிசி நான் கேக்கலியேன்னு கடைக்காரரு பயந்துட்டாரு தங்கச்சி. இது உங்களுது இல்ல மொதலாளி, உங்களுதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்லா."

அப்பளம்

மறுநாளிலிருந்து தாளைக் கீழிருந்து மேலாகப் படித்து ஏற்றினேன். கடைசிக் கடையின் சாமான் முதலில் உள்ளே போனது. தாசேக் கெலுகோருக்கு அப்பளப் பெட்டிகள். அதன் மேல் இடம் சும்மா கிடக்கிறதே என்று ஜெலுத்தோங்கின் எண்ணெய் டின்களை அடுக்கினேன். மேலே இருப்பதுதானே முதலில் இறங்கும், வரிசை சரிதான்.

சாயங்காலம் தாசேக் கெலுகோர் கடைக்கார அக்கா போன் செய்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: "அப்பளம் கேட்டேன், பொடி வந்திருக்கு. கொழம்புல தூவிக்கவா?"

சாக்பீஸ்

அதற்குப் பிறகு லோரித் தரையில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டேன். ஒரு கடைக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் கனமானது கீழே, உடையக்கூடியது மேலே. ஒரு கடையின் சாமான் இன்னொரு கடையின் தலையில் ஏறக்கூடாது.

செல்வம் அண்ணே லோரிக்குள் எட்டிப் பார்த்தார். "பாண்டி ஆடப் போறியா? முடிச்சிட்டுச் சொல்லு, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

கம்ப்யூட்டர் போட்ட வழி

அப்பளம் உடைவது நின்றது. ஆனாலும் லோரி தாமதமாகத்தான் திரும்பியது. திரும்பி வரும் சாமானைச் சரிபார்க்காமல் நான் கிளம்ப முடியாது. மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஆறு மணிக்கு மேல் முகம் கொடுப்பதில்லை. சூப்பர்வைசர் கமலா அக்காவும், "ஏத்துறதுலதான் ஏதோ கோளாறு, உன் நிரந்தரத்தப் பத்தி மாசக் கடைசியில பேசுவோம்" என்று சொல்லிவிட்டார்.

கோளாறு எனக்குத் தெரியும். கிட்ட இருக்கும் கடைக்கு முதலில் போகச் சொல்லிக் கம்ப்யூட்டர் வழி போடும். ஜெலுத்தோங் கிட்டதான். ஆனால் காலையில் அந்தக் கடை வாசல் வரைக்கும் பசார், சந்தைக் கூட்டம். மீன்காரர் தட்டை எடுக்கும்வரை லோரி நுழையாது, அண்ணே காத்துக் கிடப்பார். நான் அங்கேதான் பிளாட்டில் இருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. ஒரு தாளில், "முதலில் பாலம் தாண்டி தாசேக் கெலுகோர். திரும்பும்போது ஜெலுத்தோங். மத்தியானம் பசார் இருக்காது" என்று எழுதி, கமலா அக்காவின் ஸ்கிரீனில் ஒட்டிவிட்டுக் கோடு போடப் போய்விட்டேன்.

மறுநாள் தாளில் வழி மாறியிருந்தது. என் கட்டங்களையும் தலைகீழாக மாற்றி ஏற்றினேன். அன்று மூன்றரைக்கே லோரி வந்து நின்றது. கமலா அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டரு ஜெலுத்தோங்குல மீன் வாங்கப் போனதில்ல, நீ போயிருக்க. மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

எந்த லோரியையும் நேரத்துக்குக் கிளப்பிவிடுகிறேன், ஐந்து மணிக்குப் போய் நின்றால் விளையாட்டை விட்டு வர மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொள்ளும் மகளைக் கிளப்பத்தான் இன்னும் வழி தெரியவில்லை.